வானத்தின் கணக்கும் சங்கத்தின் கணக்கும்

2024-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், மலை மேலுள்ள ஒரு கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைச் சங்கத்தின் மகாசபைக் கூட்டத்திற்கு இலாகா சார்பில் சென்றிருந்தேன். நிகழ்ச்சி நிரலில் ஏழாவது விஷயம் ஒரு சதுப்பைப் பற்றியது. தொழிற்சாலைக்குக் கீழே சங்கத்திற்குச் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் சதுப்பு நிலம் கிடக்கிறது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டு, அதைக் காரட் பயிரிடக் குத்தகைக்கு விடலாம் என்பது நிர்வாகக் குழுவின் யோசனை. வருஷத்திற்கு ஒரு தொகை நிச்சயமாகக் கைக்கு வரும். அங்கத்தினர்களுக்குக் கொழுந்துப் பணம் பாக்கி வைத்திருக்கும் ஒரு சங்கத்திற்கு அது அலட்சியம் செய்யத்தக்க தொகையன்று. அப்பொழுது இளைஞர் ஒருவர் எழுந்து, "இவ்வருஷம் ஏப்ரலில் மேட்டு ஊற்றுகளெல்லாம் வற்றியபோது அந்தச் சதுப்பின் கீழ்க்கோடியில்தானே நம் ஹட்டிக்குத் தண்ணீர் கிடைத்தது? உலகமே சூடேறி வரும் காலத்தில் அதை வடிக்கலாமா?" என்று கேட்டார். உடனே கூட்டம் சதுப்பை மறந்து உலகத்தைப் பிடித்துக்கொண்டது.

எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர், "தம்பி, வெயிலும் மழையும் ஆண்டவன் எழுதும் கணக்கு. மனிதன் கை அவ்வளவு தூரம் எட்டாது. என் பாட்டனார் காலத்திலும் ஊற்று வற்றியதுண்டு. அன்றியும், சூடு ஏறுகிறதென்றால் தையில் உறைபனி விழுந்து தேயிலை கருகுவானேன்?" என்றார். கோடையில் மலையேறி வரும் மோட்டார் வண்டிகளின் புகையே காரணம் என்றார் மற்றொருவர். பெரிய தேசங்கள் செய்த வினைக்கு நாம் ஏன் வருமானத்தை விட வேண்டும் என்றார் மூன்றாமவர். "இன்ஸ்பெக்டர் ஐயா ரசாயனம் படித்த பட்டதாரி, அவரே சொல்லட்டும்" என்று தலைவர் என் பக்கம் கையைக் காட்டினார். சாப்பாட்டு வேளை நெருங்கிவிட்டபடியால் அன்று நான் கூறியது அரைகுறை. விஷயம் ஒத்திவைக்கப்பட்டது. அதே கேள்வி வேறு சங்கங்களிலும் என்னிடம் கேட்கப்பட்டு வருவதால், இப்பத்திரிகையின் வாயிலாக விரிவாகக் கூற விரும்புகிறேன்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலகம் சூடேறுவதற்கு மனிதன் காரணமா என்ற வழக்கு முடிந்துவிட்டது. காரணம் என்பதே தீர்ப்பு. ஆனால் நம் மலையில் நேரும் ஒவ்வொரு கஷ்டத்தையும் அந்த ஒரே கணக்கில் பற்று எழுதுவது அதற்குக் குறையாத பிழை. இவ்விரண்டையும் பிரித்தறியாத நிர்வாகக் குழு, செலவு செய்ய வேண்டிய இடத்தில் கையைக் கட்டிக்கொண்டும், வேண்டாத இடத்தில் செலவு செய்துகொண்டும் இருக்கும்.

பெரியவரின் உறைபனியிலிருந்தே தொடங்குவோம். மேகமோ மூடுபனியோ கவிந்திருக்கும் இரவில் உறைபனி விழுவதில்லை. நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரியும் இரவில்தான் விழுகிறது. இது மலையில் பிறந்த குழந்தையும் அறிந்ததே. பகலில் சூரியனிடம் பெற்ற உஷ்ணத்தைப் பூமி இரவில் ஆகாயத்துக்குத் திருப்பி விடுகிறது. காற்றிலுள்ள நீராவியும் மேகமும் அதில் ஒரு பங்கைப் பிடித்து நிறுத்திக் கீழே அனுப்புகின்றன. அவை இல்லாத வறண்ட இரவில் உஷ்ணம் தங்கு தடையின்றிப் போய்விடுவதால், விடியற்காலையில் பள்ளத்தாக்கு வெண்மையாகிறது. இந்தப் பிடித்து நிறுத்தும் வேலையை நீராவியைப் போலவே கரியமில வாயுவும் செய்கிறது என்பதை 1859-ல் ஜான் டிண்டால் என்பவர் பரிசோதனையில் அளந்து காட்டினார். நிலக்கரி எரிப்பதால் அவ்வாயு பெருகினால் பூமி எவ்வளவு சூடேறும் என்று 1896-ல் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி அர்ரீனியஸ் கணக்குப் போட்டார். ஆக, இது நேற்று யாரோ அரசியலுக்காகக் கட்டிவிட்ட கதையன்று. ஓர் இரவின் உறைபனி இதற்கு மறுப்பும் ஆகாது. ஒரு நாள் கொழுந்து வரத்தைக் கொண்டு ஒரு வருஷத்து இலாப நஷ்டத்தை யாரும் எழுதுவதில்லை. தட்பவெப்பத்தை அளப்போர் முப்பது வருஷச் சராசரியைப் பார்க்கிறார்கள்.

மனிதன் கை வானத்தை எட்டுமா என்ற சர்ச்சை நம் மலைக்குப் புதிதன்று. 1819-ல் ஜான் சல்லிவன் கோத்தகிரிக்கு வந்த பின்னர், ஊர்களுக்காகவும் தோட்டங்களுக்காகவும் விறகுக்காகவும் சோலைகள் வேகமாக அழிந்தன. மரம் குறைந்தால் மழையும் ஈரமும் குறையும் என்று சென்னை மாகாணத்து வைத்தியர் எட்வர்ட் பால்ஃபர் 1849-லேயே எழுதினார். 1856-ல் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெகார்ன் நியமிக்கப்பட்டதற்கு இவ்வித அச்சங்களும் ஒரு காரணம். மரம் மழையைத் தருவிக்கிறதா, அல்லது பெய்த மழையைத் தேக்கி மட்டும் வைக்கிறதா என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது.

இதற்கிடையில் 1843-ல் மலைக்கு வந்து சேர்ந்த கற்பூரத் தைல மரம் விறகுப் பஞ்சத்தைத் தீர்த்தது உண்மை. அதன் விலை பின்னர் தெரிந்தது. கிளன்மார்கனில் அருகருகே உள்ள இரண்டு புல்வெளி நீர்ப்பிடிப்புகளில், உதகையிலுள்ள மத்திய மண்வள நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் ஒன்றின் ஒரு பகுதியில் 1972-ல் அம்மரத்தை நட்டு, மற்றதைப் புல்லாகவே விட்டு, ஓடைநீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்தாண்டில் மரம் நட்ட நீர்ப்பிடிப்பின் நீர் வரத்து சுமார் 16 சதவிகிதம் குறைந்தது. இரண்டிலும் பெய்த மழை ஒன்றே. தண்ணீரைக் குடித்தது மனிதன் நட்ட மரம். உலகச் சூட்டிற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஊற்று வற்றியவுடன் வானத்தைப் பார்ப்பவர்கள் மேட்டில் என்ன நிற்கிறது என்றும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இனி, "முன்பும் மாறியதே" என்ற வாதத்துக்கு வருவோம். இதற்குச் சாட்சி சொல்லக்கூடியது, வேடிக்கையாக, அந்தச் சதுப்பு போன்ற ஒரு சதுப்புத்தான். செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் உள்ள சாண்டிநல்லா பள்ளத்தாக்கிலும், நம் மலையின் வேறு சதுப்பிலும், மக்கிய புல்லும் செடியும் காற்றுப்படாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்து கறுப்பு மண்ணாகியிருக்கின்றன. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமார், ஆமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஆர். ரமேஷ் முதலியோர் அந்த அடுக்குகளை எடுத்து ஆராய்ந்து, 1993-ல் 'நேச்சர்' சஞ்சிகையில் முடிவுகளை வெளியிட்டார்கள்.

அவர்கள் செய்தது ஒரு வகை எடை பார்த்தல். கரி அணுக்களில் 12 எடையுள்ளவையே பெரும்பாலானவை. 13 எடையுள்ளவையும் சிறிதளவு உண்டு. செடி கொடிகள் கனத்த கரியை ஓரளவு ஒதுக்கிவிட்டு இலேசானதையே விரும்பி ஏற்கின்றன. சோலை மரங்கள் அதிகமாக ஒதுக்கும். வறட்சியைத் தாங்கும் புல்லினங்கள் அவ்வளவு ஒதுக்கா. ஆகவே ஓர் அடுக்கின் கரியை நிறுத்துப் பார்த்தால், அக்காலத்தில் அங்கே வறட்சிப் புல் ஓங்கியதா, ஈரத்தை விரும்பும் செடி ஓங்கியதா என்பது தெரிந்துவிடும். 20,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிச் சில ஆயிரம் ஆண்டுகள் நம் மலை வறண்டிருந்தது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மழை மிகுந்திருந்தது. பின்னர் 5,000-க்கும் 2,000-க்கும் இடையில் மறுபடி வறட்சி. சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் சிறிது காலம் ஈரம். அன்று தேயிலையும் இல்லை, மோட்டாரும் இல்லை. ஆகவே பெரியவர் சொன்னது பாதி மெய்.

மறு பாதிதான் பிழை. சென்ற வருஷம் எலி கடித்ததால் மூட்டையில் எடை குறைந்தது என்பதற்காக, இந்த மாத எடைக்குறைவுக்கும் எலியே காரணம் என்று எந்தத் தணிக்கையாளரும் எழுதிவிட மாட்டார். தராசைப் பார்ப்பார்; படிக்கல்லைப் பார்ப்பார்; யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்ப்பார். விஞ்ஞானிகளும் அதையே செய்தார்கள். சாண்டிநல்லா மண்ணை எந்த முறையில் எடை பார்த்தார்களோ, அதே முறையில் இன்றைய காற்றையும் எடை பார்த்திருக்கிறார்கள். நிலக்கரியும் எண்ணெயும் ஆதியில் செடியும் நுண்ணுயிருமாக இருந்தவை. ஆகையால் அவற்றில் கனத்த கரி குறைவு. காற்றில் கரியமில வாயு ஏற ஏற, அதிலுள்ள கனத்த கரியின் விகிதம் குறைந்துகொண்டே வருகிறது. 14 எடையுள்ள கதிரியக்கக் கரி இன்னொன்று உண்டு. அது சில பதினாயிரம் ஆண்டுகளில் அழிந்துபோவது. பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த நிலக்கரியில் அது அறவே இராது. காற்றில் அந்தக் கரியும் நீர்த்துப்போய் வருவதை ஹான்ஸ் சூஸ் என்பவர் 1955-ல் எடுத்துக்காட்டினார். எரிவதற்குப் பிராணவாயு வேண்டும். அதுவும் காற்றில் சிறிது சிறிதாகக் குறைந்து வருகிறது. இத்தனை அடையாளங்களும் ஒரே கையெழுத்தைக் காட்டுகின்றன.

பேரேட்டையும் பார்த்துவிடுவோம். தொழிற்சாலை யுகத்துக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 280 பங்கு. 1958-ல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் ஒழுங்காக அளக்கத் தொடங்கியபோது அது 315. இப்பொழுது 420-ஐத் தாண்டிவிட்டது. மனிதர் எரித்த நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் விற்பனைக் கணக்கு இருக்கிறது. அதைக் கொண்டு கூட்டினால், நாம் வெளியிட்ட வாயுவில் பாதிக்குச் சற்றுக் குறைவானதே காற்றில் தங்கியிருக்கிறது. மீதியைக் கடலும் காடும் உட்கொண்டுவிட்டன. நான் காலையில் பெட்டியில் 100 ரூபாய் போட்டேன். மாலையில் இருப்பு 45 ரூபாய்தான் கூடியிருக்கிறது. அந்த 45 ரூபாயைப் போட்டது யாரென்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? எரிமலை என்பார்கள் சிலர். உலகத்து எரிமலைகளெல்லாம் ஓராண்டில் வெளியிடுவது மனிதர் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

சூரியனே காரணமாக இருக்கலாகாதா என்று கேட்டால், அக்கேள்வி நியாயமானதே. 1978 முதல் செயற்கைக் கோள்கள் சூரிய ஒளியை நேராக அளந்து வருகின்றன. பதினோராண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதைத் தவிர அதில் ஏற்றம் எதுவும் இல்லை. மேலும், சூரியன் காரணமானால் வாயுமண்டலம் அடி முதல் நுனி வரை சூடேற வேண்டும். நடப்பது அதுவன்று, கீழ்ப்பகுதி சூடேற, உயரே உள்ள அடுக்கு குளிர்ந்து வருகிறது. கரியமில வாயு பெருகினால் இவ்வாறுதான் நிகழும் என்று சியுகுரோ மனாபே 1967-லேயே கணித்துக் கூறியிருந்தார். 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட வாயுக்களும் உஷ்ணத்தைப் பிடித்து வைக்கின்றன என்று 1975-ல் கண்டுபிடித்த வீரபத்ரன் ராமநாதன் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பதை இவ்விடத்தில் சொல்லிக்கொள்வதில் ஒரு திருப்தி.

மறு தணிக்கையும் நடந்தாயிற்று. பட்டணங்களின் சூட்டை அளந்துவிட்டு உலகச் சூடு என்கிறார்கள் என்று சந்தேகப்பட்டவர்களில் ஒருவர் அமெரிக்கப் பௌதிக விஞ்ஞானி ரிச்சர்ட் முல்லர். பெர்க்லி எர்த் என்ற குழுவை அமைத்து, முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களின் பதிவுகளைப் புதிதாகக் கூட்டிப் பார்த்தார். சூடேற்றம் மெய்யே, அநேகமாக முழுவதும் மனிதனால் விளைந்ததே என்று 2012-ல் அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஐக்கிய நாடுகளின் பருவநிலைக் குழுவும் எடுத்த எடுப்பில் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. 1990-ல் திட்டமாகக் கூற இயலாது என்றது. 1995-ல் மனிதனின் பங்கு புலப்படுகிறது என்றது. 2021-ல்தான் ஐயத்துக்கு இடமில்லை என்று எழுதியது. நிதானமாக வந்த தீர்ப்பில் எனக்கு நம்பிக்கை அதிகம். உலகச் சராசரி 1850-1900 ஆண்டுகளைவிடச் சுமார் 1.1 டிகிரி உயர்ந்திருப்பதாக அவ்வறிக்கை கூறியது. நம் தேசத்தில் 1901 முதல் 2018 வரை ஏறியது சுமார் 0.7 டிகிரி.

2024 ஏப்ரல் 28-ந் தேதி உதகையில் 29 டிகிரி பதிவாயிற்று. அவ்வூர்ப் பதிவில் 1951 முதல் அதற்கு முன் கண்டிராத உச்சம். அன்று வழக்கத்துக்கு மேலிருந்த ஐந்து டிகிரிக்கும் உலகச் சூட்டின்மீதே பழி போடுவது சரியன்று. கோடை மழை தவறியதும் அவ்வருஷத்துப் பசிபிக் கடல் நிலையும் அதில் சேரும். ஆயினும் அடித்தளம் ஏற ஏற, அதன்மேல் வரும் ஒவ்வொரு கோடையும் ஒரு படி உயரத்தில் நின்றே தொடங்குகிறது. மோட்டார் வண்டிகளைப் பற்றிச் சொன்ன அங்கத்தினருக்கு ஒரு வார்த்தை. அவ்வண்டிகளால் புகையும், குடிநீர்த் தட்டுப்பாடும், பாதை அடைப்பும் உண்டு. உயர் நீதிமன்றம் 2024 மே மாதத்திலிருந்து அனுமதிச் சீட்டு முறையை ஏற்படுத்தியதும் நல்லதே. ஆனால் அவை விடும் கரியமில வாயு உதகைக்கு மேல் தேங்கி நிற்பதில்லை, உலகமெங்கும் பரவிவிடுகிறது. நாளையே வண்டிகள் நின்றாலும் அடுத்த ஏப்ரல் அதனால் குளிர்ந்துவிடாது.

மழை விஷயமும் அவ்வாறே இரு கணக்கு உடையது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவிகிதம் அதிக நீராவியை ஏந்தும். கொட்டும்போது கனமாகக் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததை நாம் மறக்கவில்லை. ஆனால் 2009 நவம்பரில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, மழையோடு கூடச் செங்குத்தாக வெட்டிய மேடுகளும் அடைபட்ட நீரோடைகளும் சேர்ந்தே அக்கொலையைச் செய்தன. அவை உலகத்தார் வெட்டியவை அல்ல.

மலையடிவாரத்து நெசவாள அங்கத்தினர்கள், இது விவசாயிகள் பாடு என்று இருந்துவிட வேண்டாம். காலைப்பொழுதில் பாவடியில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்கத் தெளிந்த வெயில் வேண்டும்; வேளை தவறி இறங்கும் ஒரு மழையில் ஒரு பாவு முழுவதும் கெட்டு, கூலியும் நூலும் போகின்றன. குழித்தறியில் நீர் ஊறிவிட்டால் பல நாள் தறி நிற்கிறது. கோடையிலோ நூல் வறண்டு இழை இழையாக அறுகிறது. தேயிலையில் வறட்சிக்குச் சிவப்புச் சிலந்தியும், ஓயாத மழைக்குக் கொப்புள நோயும் எப்படியோ, அப்படியே தறிக்கும் இரு பக்கத்திலும் இடி.

நம் குற்றம் எவ்வளவு? சராசரி இந்தியன் ஓராண்டில் வெளியிடும் கரியமில வாயு சுமார் 2 டன். உலகச் சராசரி அதற்கு இரண்டு மடங்குக்கு மேல். அமெரிக்கனுடையது சுமார் 14 டன். ஓர் ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர் இந்தக் கடனை வாங்கியவர் அல்லர். வட்டியைக் கட்டுபவர் மட்டுமே. இந்த அநியாயத்தை உரத்துச் சொல்ல வேண்டும். மூன்றாமவர் கூறியதில் எனக்கு அனுதாபம் உண்டு. ஆனால் அவர் அதிலிருந்து அடைந்த முடிவு தவறு. சதுப்பை வடித்தால் முதல் நஷ்டம் அமெரிக்கனுக்கு அன்று, கீழ் ஹட்டிக்கே. காற்றுப்படாமல் கிடந்த கறுப்பு மண் வாய்க்கால் வெட்டியவுடன் மக்கத் தொடங்கி, சேமித்த கரியை வாயுவாக விட்டுவிடும். சில வருஷங்களில் நிலமும் தாழும், ஊற்றும் போகும். குத்தகைப் பணம் வரும் வருஷங்கள் எத்தனை, தண்ணீர் லாரிக்குக் கொடுக்கப்போகும் வருஷங்கள் எத்தனை என்று நிர்வாகக் குழு எழுதிப் பார்க்கட்டும்.

வருமானம் வேண்டுமெனில், அதே தொழிற்சாலையின் விறகுக் கொட்டகையைப் பார்த்தேன்; பாதிக்கு மேற்கூரை இல்லை. நனைந்த விறகை எரிப்பது, தண்ணீரைக் கொதிக்க வைக்கக் காசு கொடுப்பதாகும். தகரம் போட்டு விறகைக் காயவிட்டால் மிச்சமாவது குத்தகைத் தொகைக்குக் குறைவாயிராது என்பது என் கணிப்பு. யூரியாவை மழைக்கு முன் தூவி ஓடையில் விடுவதும் இதே இனம்.

இன்னொன்றையும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. மரம் நட்டால் கரிக்குப் பணம் தருகிறோம் என்று சில ஏஜெண்டுகள் கிராமங்களில் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கத் தலைப்பட்டிருக்கிறார்கள். எல்லோரும் மோசக்காரர்கள் என்று சொல்லவில்லை. எத்தனை வருஷம் நிலம் கட்டுப்படும், மரம் பட்டுப்போனால் நஷ்டம் யாருக்கு, அளவையாளரின் கட்டணம் யார் தலையில் விழும் என்று தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவதாயின் சங்கத்தின் மூலமே போடுங்கள். 1935-ல் உருளைக்கிழங்கு விவசாயிகள் சேர்ந்து நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை ஏற்படுத்தியதும், தனியாளாக மண்டிக்காரர் முன் நிற்க முடியாமையால்தானே?

கடைசியாக, ஒரு சிறு செலவு. பெரிய எஸ்டேட்டுகளில் தலைமுறை தலைமுறையாக மழைப் பதிவேடு உண்டு. சிறு விவசாயியிடம் இருப்பதெல்லாம் ஞாபகம். வானிலையை அடிப்படையாகக் கொண்ட பயிர் இன்ஷூரன்ஸில் கருவி இருக்கும் இடத்து மழைதான் கணக்கு. நம் பள்ளத்தில் பெய்தது கணக்கில்லை. சங்கத்துக்கு ஒரு மழைமானியும், உச்ச நீச வெப்பமானியும், கோடு போட்ட ஒரு நோட்டும் இருந்தால், பத்து வருஷம் கழித்து எந்தக் கூட்டத்திலும் பேசுவதற்கு நம்மிடம் எழுத்து மூலமான ஆதாரம் இருக்கும். இதை அப்பெரியவரிடம் தனியாகச் சொன்னேன். தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து எழுதும் பொறுப்பைத் தாமே ஏற்பதாகச் சொன்னார். சதுப்பு விஷயத்தில் தம் வோட்டு எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லவில்லை.

ஒத்திவைக்கப்பட்ட விஷயம் அடுத்த மகாசபையில் மீண்டும் வருகிறது. மழைமானியின் விலையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று காரியதரிசி கேட்டிருக்கிறார். தட்டுமுட்டுச் சாமான் கணக்கிலேயே எழுதலாம் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.